முதலில் ஒரு பூட்டு வாங்குங்கள்

திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்துக்கு வெளியே படுத்திருந்த பெரியவர் ஒருவரிடம் மூன்று வாரம் பேச்சுக் கொடுத்தேன். காலில் புண் சீழ் பிடித்திருந்தது. குளிக்கக் கூப்பிட்டாலும் வரவில்லை, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. "ஏன் அண்ணாச்சி?" என்று கடைசியில் கேட்டேன். பக்கத்திலிருந்த உரச்சாக்கைத் தட்டினார். "இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

ஒரு போர்வை, மாற்றுச் சாரம் (லுங்கி), பாலிதீன் உறைக்குள் பழைய மருத்துவச் சீட்டு. அவ்வளவுதான் உள்ளே. ஏற்கெனவே இரண்டு முறை பறிகொடுத்தவர். இரும்பு அலமாரி ஒன்றை வாங்கி வைத்த மறுநாள், தெருவில் வசிப்பவர்கள் பகலில் வந்து போக நாங்கள் நடத்தும் மையத்துக்கு வந்தார். சாக்கை உள்ளே வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, சோப்பு எங்கே என்று கேட்டார்.

நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு, வீடற்றோர் நூறு பேர் தங்கும் காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது, 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4.7 லட்சத்துக்கு மேல்; அந்தக் கணக்கில் நானூறு பேருக்கு மேல் தங்க இடம் வேண்டும். காப்பகங்களைப் பெருக்கக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் காப்பகத்துக்குள் காலெடுத்து வைக்கவே அஞ்சுபவர்களுக்கு, பகலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். அதை அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களே தொடங்கலாம். வாசலில் பெயர் கேட்காதீர்கள். குடியை எப்போது விட்டாய் என்றும் கேட்காதீர்கள்.

உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடுதான் வருகிறார்கள். நல்ல மனம்தான். அமாவாசையன்று கோயில் வாசலில் பொட்டலம் மிஞ்சிக் கிடக்கிறது. தாழ்ப்பாள் உள்ள குளியலறை ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. ஆண்கள் தாமிரபரணிப் படித்துறையில் குளித்துவிடுவார்கள். தெருவில் இருக்கும் ஓர் ஆச்சி எங்கே சேலை மாற்றுவார்? விடியுமுன் இருட்டிலேயே ஆற்றுக்குப் போய்வருவதாக ஒருவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பணம் ஒரு குளியலறைக்குத்தான் போதுமென்றால், அதைப் பெண்களுக்குக் கொடுங்கள்.

அடுத்தது காகிதம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சந்திப்புப் பகுதி மூழ்கியபோது, கையிலிருந்த அடையாள அட்டைகளையும் ஆற்றோடு விட்டவர்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழ் ஆதார் எடுக்கச் செல்லுபடியாகும். ஆகவே மாநகராட்சிக் காப்பகத்தோடு முதல் மாதமே தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் இருந்தால்தான் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட முடியும்.

மனநலம் குன்றித் திரிபவரைக் கண்டால் சிலர் வண்டியில் ஏற்றி வேறு ஊரில் இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது கொடுமை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பைக் காவல்துறையிடம் தருகிறது. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. காவல் நிலையத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள். திறப்பதற்கு முன்பே எதிர்வீட்டிலும் டீக்கடையிலும் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்லும் குறையை எழுதிக்கொண்டு, மறுவாரம் மறுபடி போங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமை மூடாதீர்கள். அன்று கடைகள் அடைத்திருக்கும். ஒரு டீக்கு வழியில்லாமல் அவர்கள் சுற்றுவது அன்றைக்குத்தான்.