கிழிந்த ஜவ்வைத் தைத்துவிட முடியாதா?

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் இளைஞர் ஒருவர், முழங்கால் திருகி விழுந்த மூன்றாம் நாள், எம்.ஆர்.ஐ. அறிக்கையோடும் யாரோ எண்ணெய் போட்டு நீவிவிட்டதில் இன்னும் வீங்கிப்போயிருந்த காலோடும் வந்தார். “கிழிஞ்ச ஜவ்வைத் தச்சு விட்டுட முடியாதா டாக்டர்?” என்று கேட்டவர், தையல் வேலை செய்யும் அவருடைய தாயார். நைந்து நூல் நூலாகப் பிரிந்த ஓரத்தில் தையல் நிற்குமா என்று நான் திருப்பிக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஏசிஎல் எனப்படும் முன்குறுக்கு ஜவ்வு மூட்டின் உள்ளே இருப்பதால், அது அறுந்த இடத்தில் உறைய வேண்டிய இரத்தத்தை மூட்டு நீர் நிற்க விடுவதில்லை. எனவே அறுந்த முனைகள் தாமாகக் கூடுவது அரிது. மூட்டைத் திறந்து தைக்கும் முறை 1970களில் பரவலாக இருந்து, பலருக்கு ஜவ்வு மீண்டும் தளர்ந்துபோனதால் கைவிடப்பட்டது. தொடை எலும்போடு ஒட்டும் முனையில் மட்டும் பிய்ந்து, ஜவ்வு நல்ல நிலையில் இருக்கும் சிலருக்கு இன்று மீண்டும் தைக்கிறோம். ஆயினும் ஓடியாடும் இளைஞர்களுக்கு அதை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. எலும்புத் துண்டோடு பெயர்ந்திருந்தால் கதை வேறு, அதை ஸ்க்ரூ போட்டுப் பொருத்திவிடலாம்.

மற்றவர்களுக்குச் செய்வது புது ஜவ்வு அமைக்கும் சிகிச்சை. தொடையின் பின்புறத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண், அதற்கு மேலுள்ள தசைநாண் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்து ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் முறையில் பொருத்துகிறோம். எதை எடுப்பது என்பதற்கு நோயாளியின் அன்றாடத்தையே முதலில் கேட்பேன். தொழுகைக்கு மண்டியிடுபவருக்கும், முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டுபவருக்கும் சில்லுக்குக் கீழே எடுத்தால் அந்த இடம் நெடுநாள் வலிக்கக்கூடும். வேகமாக ஓட வேண்டியவருக்குப் பின்தொடைத் தசைநாணை எடுக்க யோசிப்பேன்.

உட்பக்க ஜவ்வு மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸ் போதும். முட்டியின் வெளிப்பக்கப் பின்மூலையில் உள்ள ஜவ்வுகள் கிழிந்தால் மூன்று வாரத்துக்குள் சரிசெய்வது நல்லது. மூட்டே நழுவி, பாதம் சில்லிட்டு வெளுத்திருந்தால் அது இரத்தக்குழாய் அடிபட்டதன் அறிகுறி; விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏசிஎல்லுக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஸ்வீடனில் 121 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் உடற்பயிற்சி மட்டும் தரப்பட்ட 59 பேரில் இரண்டு ஆண்டுக்குள் புது ஜவ்வு வைக்க வேண்டியிருந்தது 23 பேருக்கே. எனினும் திடீரெனத் திரும்பி ஓடும் ஆட்டக்காரர், நடக்கும்போதே முட்டி நழுவுபவர் ஆகியோருக்கு அறுவை சிகிச்சையே ஏற்றது. அதையும் வீங்கிய முட்டியில் செய்தால் கால் விறைத்துப்போகலாம். அந்த இளைஞர் படுத்திருக்கையில் முழங்காலுக்கும் மேசைக்கும் நடுவே என் கை நுழைந்தது. அந்த இடைவெளி அளவுக்குக் கால் முழுதாக நீளாமல் இருந்தது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தும் பயிற்சியைத் தினமும் செய்தார். அந்த இடைவெளி மறைந்த ஐந்தாம் வாரத்தில்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோம்.