மெடிகேர்: "அடுத்த வருஷம் திரும்பிக்கலாம்" என்பதை நம்பாதீர்கள்

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார்மயமாக்கலாமா, கூடாதா என்று அமெரிக்காவில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். முதியோருக்கு அரசு ஒரு தொகையைக் கொடுத்துவிடும், காப்பீட்டை அவர்களே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்று 2011-இல் குடியரசுக் கட்சி எம்.பி. பால் ரயன் சொன்னபோது பெரிய ரகளையே நடந்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் சட்டம் போடாமலேயே பாதி தூரம் தாண்டியாகிவிட்டது. 2023-லிருந்து, தகுதியுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தாமே கையெழுத்துப் போட்டுப் போனவர்கள்.

அந்தக் கையெழுத்தின்போது சொல்லப்படும் வாக்கியம் ஒன்று: "பிடிக்கலேன்னா அடுத்த வருஷம் பழைய மெடிகேருக்கே (அரசே நேரடியாக நடத்துவது) திரும்பிக்கலாம்." இதை நம்பி, புற்றுநோய் வந்த பிறகு திரும்பப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். போதும்.

திரும்பலாம்தான். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வெறும் மெடிகேரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? டாக்டர் ஃபீஸ், கீமோ எல்லாவற்றிலும் பார்ட் பி என்ற மெடிகேர் பகுதி பொதுவாக 80 சதவீதம்தான் தரும். மீதி 20 உங்கள் தலையில். அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் என்ற துணைப் பாலிசி. 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து 6 மாதம் வரைதான் கம்பெனி அதை மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் கேள்விகள் வரும்: புற்றுநோய் சிகிச்சை எடுத்தீர்களா? பக்கவாதம் வந்ததா? டாக்டர் சொல்லியும் இன்னும் செய்துகொள்ளாத ஆபரேஷன் ஏதாவது உண்டா? ஒரு "ஆம்" போதும், நிராகரித்துவிடலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் ஆகிய நான்கு மாநிலங்களில் விதி வேறு, முதியவருக்குச் சாதகம்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 65 வயதில் முதல்முறையே அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் திரும்பினால் மெடிகேப் உரிமை உண்டு. திட்டம் உங்கள் ஊரிலிருந்து விலகினாலோ, நீங்கள் அதன் எல்லையை விட்டுக் குடிபெயர்ந்தாலோ, பழைய காப்பீடு முடிந்து 63 நாளுக்குள் கேட்டுப் பெறலாம். தேதியைத் தவறவிட்டால் கெஞ்சிப் பயனில்லை.

அட்வான்டேஜே மோசம் என்று சொல்லவில்லை. வருடச் செலவுக்கு அதில் உச்சவரம்பு உண்டு; மெடிகேப் கட்ட வசதியில்லாதவருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் "பூஜ்ய பிரீமியம்" என்றால் பார்ட் பி பிரீமியமும் பூஜ்யம் என்று எண்ணிவிடாதீர்கள். 2025-இல் அது மாதம் 185 டாலராக இருந்தது. (தனியாரிடம் போனால் அரசுக்கு மிச்சம் என்ற வாதமும் நிற்கவில்லை. இதே ஆட்கள் பழைய மெடிகேரில் இருந்தால் ஆகும் செலவைவிட, 2025-இல் சுமார் 20 சதவீதம் அதிகம் போகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் அமைப்பு கணக்கிட்டது.)

ஏற்கெனவே அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு: சிகிச்சைக்கு முன்பே கம்பெனியிடம் வாங்க வேண்டிய அனுமதி (முன் அனுமதி) மறுக்கப்பட்டால் தயவுசெய்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். 2023-இல் இத்திட்டங்கள் மறுத்தவை 32 லட்சம். மேல்முறையீட்டுக்குப் போனவை 12 சதவீதம்கூட இல்லை. போனவற்றிலோ 80 சதவீதத்துக்கு மேல் முழுதாகவோ பகுதியாகவோ ஜெயித்தன. மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 65 நாள் அவகாசம். தாமதித்தால் உடல்நிலை கெடும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் 72 மணி நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அப்போதும் கம்பெனி மறுத்தால் ஃபைல் தானாகவே வெளி மதிப்பீட்டாளரிடம் போகும்.

நர்சிங் ஹோமில் "இந்தத் தேதியோடு காப்பீடு நிற்கிறது" என்று நோட்டீஸ் கொடுத்தால், அந்தத் தேதிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அதிலுள்ள எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

அம்மாவோ அப்பாவோ 65-ஐத் தொடப்போகிறார்கள் என்றால், மூன்று மாதம் முன்பே உங்கள் மாநிலத்தின் ஷிப் (SHIP, மெடிகேர் பற்றி ஆலோசனை தரும் அரசுத் திட்டம்) ஆலோசகரிடம் பேசுங்கள். இலவசம், அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. மெடிகேரின் 1-800-633-4227-இல் கேட்டால் எண் தருவார்கள். பேசும்போது மருந்துப் பட்டியலும், எந்த ஆஸ்பத்திரியை விடவே முடியாது என்பதும் கையில் இருக்கட்டும்.