முயல்செவிச் சாறும் கொழுப்பு மாத்திரையும்

"தம்பி, இது மருந்து இல்லப்பா, கீரைதான்" என்றார் அந்த ஆண்ட்டி.

சிங்கப்பூரில் நான் மருந்தாளராக இருக்கும் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை கொடுக்கும்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்: வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? முதலில் இல்லை என்றார். "பச்சிலை, கஷாயம்?" என்று மறுபடி கேட்டதும் பையிலிருந்து ஈரத்தாளில் சுற்றிய ஒரு கட்டு வெளியே வந்தது. தொண்டைக்கு நல்லது என்று இரண்டு மாதமாகத் தினமும் காலையில் சாறு. குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில் பறித்தது.

முயல்செவி. சாமந்திக் குடும்பத்துச் செடி. ஓராண்டுக்குள் முளைத்து, பூத்து, பஞ்சுபோன்ற விதைகளைக் காற்றில் விட்டு மடிந்துவிடும். மேல் இலைகள் முயல் காதைப்போலத் தண்டைத் தழுவி நிற்கும். பூ சின்னக் குஞ்சம்போல இளம் ஊதா நிறம். கேரளத்தில் தசபுஷ்பம் என்ற பத்து மூலிகைகளில் ஒன்று; மலாய்க்காரர்கள் உலாமாகவும், அதாவது பச்சைக் கீரையாகவும் தின்பதுண்டு. ஆகவே ஆண்ட்டி சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் இதில் பைரோலிசிடைன் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. வாயில் வைத்ததும் ஒன்றும் செய்யாது. கல்லீரல் அதை உடைக்கும்போதுதான் நஞ்சாகிறது. கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து அடைத்துவிடுகிறது. வயிறு உப்பும், நீர் கோக்கும், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். எத்தியோப்பியாவின் திக்ராயில் 2000களின் தொடக்கத்தில் கிராமத்தார் பலருக்கு இப்படிக் கல்லீரல் கெட்டது. அது மூலிகை குடித்ததால் வந்ததல்ல. சாப்பிட்ட தானியத்தில் அஜெரேட்டம் என்ற களையின் விதை கலந்திருந்தது. அதிலும் இதே வகை நஞ்சு. அந்தக் களையும் சாமந்திக் குடும்பம்தான், சிங்கப்பூர்ப் புல்தரைகளிலும் முளைக்கிறது. (அதற்காகக் கரிசலாங்கண்ணியைச் சந்தேகிக்க வேண்டாம். குடும்பம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.)

என்றோ ஒருநாள் நாலு இலை துவையலில் விழுந்ததற்குப் பதற வேண்டியதில்லை. தினமும், வாரக்கணக்கில் குடிப்பதுதான் என் கவலை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அறவே வேண்டாம். புல்தரையில் அடிக்கும் களைக்கொல்லி வேறு கதை.

என்னை உண்மையில் உறுத்தியது இன்னொன்று. ஆண்ட்டி சாப்பிடுவது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. அதுவும் சிலருக்கு இரத்தத்தில் கல்லீரல் என்சைமின் அளவைக் கூட்டும். சாற்றைப் பற்றிச் சொல்லாமலே இருந்து, அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தால், பழி மாத்திரைமேல்தான் விழுந்திருக்கும். மாத்திரையை நிறுத்தியிருப்போம், சாறு தொடர்ந்திருக்கும். மாரடைப்பைத் தடுக்கக் கொடுத்த மருந்து போயிருக்கும், கல்லீரலும் தேறியிருக்காது.

சாற்றை நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அவர் கல்லீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்ட்டியின் மருந்துப் பட்டியலில் சேர்க்கும்போது முயல்செவி என்று தட்டினால் கணினிக்குப் புரியாதே. எமிலியா சாஞ்சிஃபோலியா என்ற தாவரப் பெயரைப் போட்டேன். செடி கையில் இருந்ததால் அது முடிந்தது. நீங்களும் வரும்போது பெயரை மட்டும் சொல்லாமல் ஒரு கிளையோ, பூவோடு எடுத்த படமோ கொண்டுவாருங்கள். ஊருக்கு ஊர் ஒரே பெயரில் வேறு வேறு செடி இருக்கும்.

"அப்ப தொண்டைக்கு என்னப்பா செய்யறது?" என்றார் ஆண்ட்டி. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை.