ஆறு மாதக் கெடுவா, பட்டா வந்த பிறகா?

மேலூர்ப் பக்கம் 40 சென்ட் புஞ்சை வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர், கிரய ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆறு மாதத்துக்குள் மீதிப் பணம் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும், தவறினால் அட்வான்ஸ் கிடையாது என்றது 3-ஆவது ஷரத்து. விற்பவர் நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்கித் தெரிவித்த 30 நாளில் மீதிப் பணம் என்றது 7-ஆவது ஷரத்து. நிலம் அளக்கப்படவே இல்லை. ஆறு மாதம் முடிந்த கையோடு, கெடு தாண்டிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது.

"சார், அவரு அளந்து குடுத்தாத்தான நான் காசு குடுக்க முடியும்?"

நியாயமான கேள்விதான். பழைய ஒப்பந்தத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பெயர், சர்வே எண், தொகை மூன்றையும் மட்டும் மாற்றி அச்செடுக்கும்போது, வேறு யாருக்கோ எழுதிய கெடு இப்படி உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஷரத்துகள் முரண்பட்டால் முன்னதுதான் நிற்கும் என்று யாராவது சொல்லி, பலர் மனம் விட்டுப்போய் வருகிறார்கள். அது கடைசி வழி. இரண்டும் சேர்ந்து நிற்குமா என்றுதான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். யார் முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வழி சொல்கிறது: ஒப்பந்தத்தில் வரிசை இருந்தால் அந்த வரிசை, இல்லாவிட்டால் காரியத்தின் இயல்பு கேட்கும் வரிசை. அளக்காத நிலத்துக்கு எந்த எல்லையைப் போட்டுக் கிரயம் எழுதுவது? ஆகவே அளப்பதுதான் முதலில் என்று உறுதியாகவே வாதாடலாம்.

ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நில விற்பனையில் காலக்கெடு பொதுவாக உயிர்நாடி ஆகாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது சந்த் ராணி வழக்கில். அந்த வழக்கிலேயே வாங்குபவர் தோற்றார். 10 நாளில் தர வேண்டிய தொகையை, விற்பவர் முதலில் தன் கடமைகளை முடிக்கட்டும் என்று தராமல் இருந்ததுதான் அவருக்கு வினையாயிற்று.

கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 16(சி)-இன்படி, வாங்குபவராகிய நாம் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நாமே நிரூபிக்க வேண்டும். என் கட்சிக்காரர் மீதிப் பணத்தை வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தார். அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு பாஸ்புக் பதிவுகூட இல்லை. 'அளந்து கொடுங்கள், பணம் தயார்' என்று ஆறு மாதத்துக்குள் ஒரு கடிதம் போட்டிருந்தால்கூடப் போதும், அவர் நிலையே வேறு.

இந்த வழக்கைப் போட மூன்று வருடம். தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து. இங்கே தேதி உண்டா இல்லையா என்பதே தகராறு. அதனால் ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்தே எண்ணச் சொன்னேன். கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸையாவது திருப்பித் தர வேண்டும் என்று அதே வழக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தானாகத் தராது.

இனி கையெழுத்துப் போடப் போகிறவர்கள், கெடு சொல்லும் ஷரத்தின் கீழேயே இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "விற்பவர் நிலத்தை அளந்து தனிப்பட்டா வாங்கி எழுத்துமூலம் தெரிவிக்கும் நாள்வரை மேற்படி கெடு ஓடாது."