என்கவுன்ட்டர்: மோதல் என்று எழுதலாமா?

"பிரபல ரவுடி என்கவுன்ட்டர்" என்று தலைப்பு வைத்தால் போதும். யார் யாரைச் சுட்டார் என்று எழுத வேண்டியதில்லை. இந்தச் சொல்லின் பெரிய வசதி அதுதான்.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அடியில் இருப்பது 'கான்ட்ரா' என்ற லத்தீன் சொல், பொருள் 'எதிர்'. எதிர்ப்படுதல், எதிர்த்து நிற்றல் என்பதே முதற்பொருள். போலீஸ் சுட்டு ஒருவர் சாவது என்ற பொருள் நம் பக்கத்தில் ஏறியது. பேச்சுவழக்கிலோ "அவனை என்கவுன்ட்டர் பண்ணிட்டாங்க" என்கிறோம். எதிர்ப்பட இரண்டு பேர் வேண்டும். 'பண்ணிட்டாங்க' என்றால் செய்தவர் ஒரு பக்கம்தான். தெருப்பேச்சு தலைப்பைவிட நேர்மையானது.

'மோதல்' என்று தமிழாக்கினால், செத்தவரும் தாக்கினார் என்ற போலீஸ் தரப்பை விசாரணைக்கு முன்பே ஒப்புக்கொண்டதாகிறது. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே சட்டான்பள்ளியில், ஏற்கெனவே கைதாகியிருந்த நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி (மரபுத்தொடராக அல்ல, நிஜமாகவே), துப்பாக்கியைப் பறித்தார்கள் என்று சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அதை நம்பவில்லை. கொல்லும் நோக்கத்தோடே சுட்டதாகச் சொல்லி, 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அங்கே 'மோதல்' என்ற சொல்லுக்கு என்ன வேலை?

ஒருவரைச் சுட்டுக் கொல்வதற்கென்று போலீசுக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. எல்லோருக்கும் உள்ள தற்காப்பு உரிமைதான்; கைதின்போது பலம் பயன்படுத்தலாம், அதற்கும் எல்லை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் இதை 'போலீஸ் நடவடிக்கையில் மரணம்' என்று குறிக்கிறது.

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென 16 நெறிமுறைகள் வகுத்தது. கிடைத்த துப்பை முதலிலேயே எழுத்தில் பதிய வேண்டும். சுட்டவரின் ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் குழு விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய, வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சந்தேகமறத் தெளியும்வரை வீரப்பதக்கமோ அவசரப் பதவி உயர்வோ கூடாது.

நடைமுறையில் கோளாறு எஃப்.ஐ.ஆரிலேயே தொடங்கிவிடும். கொலை முயற்சி என்று செத்தவர் மேலேயே வழக்குப் போடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று அது முடிந்தும்விடும். சுட்டவர் செய்தது விசாரணைக்கே வராது. அதனால் கூர்ந்து பார்க்க வேண்டியது காயத்தைத்தான்: குண்டு முதுகில் நுழைந்ததா, காயத்தைச் சுற்றிக் கருகலோ வெடிமருந்துப் புள்ளிகளோ உண்டா? இருந்தால் துப்பாக்கி மிக அருகில் இருந்திருக்கிறது. "ஓடியபோது தூரத்திலிருந்து சுட்டோம்" என்ற பேச்சு அங்கே நிற்காது. செத்தவர் சுட்டார் என்றால் அவர் கையில் வெடிமருந்துத் துகள் எடுத்தார்களா என்பதும் அதே அளவு முக்கியம்.

ஆகவே விசாரணை முடியும்வரை 'போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மரணம்' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சுட்டவர் யார் என்பது அதில் ஒளியாது. 'போலி மோதல்' வேண்டாம். நிரூபணமானால் அதன் பெயர் கொலை.

காலில் சுட்டால் 'சுட்டுப் பிடித்தனர்' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். கொடுங்காயம் பட்டவர் விஷயத்திலும் இதே நெறிமுறைகள் இயன்றவரை பொருந்தும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.