ஊடுகாட்டும், ஒளிகசியும்: விளக்கு மூடிக்கு எந்தச் சொல்?

விளக்கு மூடிகளின் விவரக் குறிப்புகளில் ‘பகுதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டிரான்ஸ்லூசன்ட், அதாவது ஒளியை விட்டு உருவை மறைக்கும் பொருள், என்பதற்கு வைத்திருக்கும் பெயர். பள்ளிப் பாடநூலில் படித்ததை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இது கடைக்கு வருபவரைத் தப்பான மூடியை வாங்க வைக்கும் சொல்.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிரான்ஸ்பேரன்ட், டிரான்ஸ்லூசன்ட் இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. ‘டிரான்ஸ்’ என்றால் ஊடாக. ‘பாரேரே’ தோன்றுதல், ‘லூகேரே’ ஒளிர்தல். முதலாவதில் அப்பால் இருக்கும் பொருளே தோன்றும். இரண்டாவதில் ஒளி வரும், உரு தெரியாது.

ஆக, வேறுபாடு உரு தெரிகிறதா இல்லையா என்பதில்தான். எவ்வளவு ஒளி வருகிறது என்பதற்கு இங்கே வேலையே இல்லை. ‘பகுதி’ என்ற சொல்லோ அளவைத்தான் பேசுகிறது. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 20 விழுக்காட்டுக்கும் குறைவான ஒளியைத்தான் உள்ளே விடும். ‘பகுதி ஒளி’ என்ற பெயர் பொருந்துவதானால் அதற்குத்தான் பொருந்த வேண்டும். ஆனால் அதன் வழியே எதிரில் வருபவர் முகம் துல்லியமாகத் தெரிகிறதே! மறுபக்கம், எல்இடி விளக்கின் நல்ல பால்வெள்ளை மூடி உள்ளிருக்கும் ஒளியில் பெரும்பங்கை வெளியே விட்டுவிடும். உள்ளே வரிசையாக இருக்கும் எல்இடி ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியாது. மூடிக்குள் கலந்திருக்கும் நுண்துகள்கள் ஒளியைத் திசைமாற்றிச் சிதறடிப்பதே காரணம்.

பொறியாளர்கள் இதை எப்போதோ பிரித்துவிட்டார்கள். கடந்துவரும் மொத்த ஒளி ஓர் அளவு, அதில் நேர்ப்பாதையிலிருந்து 2.5 பாகைக்கு மேல் விலகிச் சிதறும் பங்கு இன்னோர் அளவு. இந்த இரண்டாவதை ‘ஹேஸ்’ என்பார்கள், மங்கல் என்று சொல்லலாம். மங்கல் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஒளியைச் சிதறவிட்டுப் பரப்பும் பொருள். இரண்டு தனித்தனி அளவுகளை ‘பகுதி’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், ‘பகுதிதான் வரும்னா பாதி வெளிச்சம் வீணாயிடுமே, கிளியரே குடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போகத்தான் செய்வார்கள். வீட்டில் மாட்டிய பிறகு புள்ளி புள்ளியாகக் கண் கூசும்.

டிரான்ஸ்லூசன்டுக்கு ‘ஒளிகசியும்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. கசிவு என்றால் குறைவு என்று படும், ஆகவே அதுவும் அளவுச் சொல்தான் என்று மறுப்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. புது மண்பானையில் நீர் கசியும்போது எந்தத் துளை வழியே வருகிறது என்று காட்ட முடியாது; பானையின் மேல் முழுவதும் பரவி நிற்கும். கசிதல் வருகிற விதத்தைச் சொல்கிறது. பால்வெள்ளை மூடி செய்வதும் அதைத்தான்.

டிரான்ஸ்பேரன்டுக்கு ‘ஒளி ஊடுருவும்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒளி இரண்டிலும்தானே ஊடுருவுகிறது? இலங்கைத் தமிழில் வழங்கும் ‘ஊடுகாட்டும்’ என்ற சொல் நூற்றுக்கு நூறு பொருந்தும். ‘அடுத்தது காட்டும் பளிங்கு’ என்று குறள் பளிங்கின் இயல்புக்குப் போட்ட வினையும் காட்டுதல்தான். கையில் இவ்வளவு நல்ல சொல் இருக்க, தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை? கடைக்காரர் சொல்லும் ‘கிளியர்’, ‘மில்க்கி’ இவர்கள் தமிழைவிடத் தெளிவு. அகராதியைத் திறப்பவர்கள் ஒருமுறை மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

இதே அலட்சியம்தான் அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘உடையாத கண்ணாடி’ என்று எழுத வைக்கிறது. இரண்டும் பிளாஸ்டிக் வகைகள், கண்ணாடி அல்ல. அக்ரிலிக் உடையவும் செய்யும். ஊடுகாட்டும் அக்ரிலிக் சுமார் 92 விழுக்காடு ஒளியை விடும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. ஆனால் 100 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், தீப்பற்றினால் எரியும். பாலிகார்பனேட் அதைவிடச் சற்றுக் குறைவாகவே ஒளியை விடும், சீக்கிரம் கீறல் விழும், புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால் மஞ்சளாகும். ஆனால் அடி தாங்கும், 120 பாகை வரை வெப்பமும் தாங்கும். கார்களின் முகப்பு விளக்கு மூடி பாலிகார்பனேட்டில் வருவது இதனால்தான். கூடத்து எல்இடி பலகை விளக்குக்கு ஒளிகசியும் அக்ரிலிக் போதும். பந்து வந்து படக்கூடிய வாசல் விளக்குக்கு, புற ஊதாத் தடுப்புள்ள ஒளிகசியும் பாலிகார்பனேட் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.