கட்டை அவிழ்க்காமல் கொண்டு வாருங்கள்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதிகளான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தமையால், இங்குள்ள பழைய வீடுகளின் பெட்டிகளில் கிடக்கும் காகிதங்கள் பலவும் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டும், மலையாள எழுத்தில் எழுதப்பட்டும், தொகை சக்கரம், பணம் என்னும் திருவிதாங்கூர் நாணயங்களில் குறிக்கப்பட்டும் இருக்கின்றன. தமிழ் மட்டும் படித்த பேரப்பிள்ளைகளுக்கு அவை விளங்குவதில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது நிலத்தின் ஆதாரம் மட்டும் அலமாரிக்குப் போகிறது. மற்றவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஆவணக் காப்பகப் பணியில் நான் காணும் இழப்புகளில் கரையானால் நேர்பவற்றைவிட இவ்வாறு கழித்துப் போடுவதால் நேர்பவையே அதிகம்.

அரசு எழுதியதை அரசு பாதுகாக்கிறது. திருவிதாங்கூர்ப் பதிவேடுகளைத் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஆனால் ஒரு வீட்டின் பாட்டச் (குத்தகை) சீட்டும், கல்யாணத்தில் சுருள் (மொய்) எழுதிய நோட்டும், இலங்கையிலிருந்தோ தேயிலைத் தோட்டத்திலிருந்தோ வந்த கடிதமும் அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. நாஞ்சில் நாட்டில், சொத்து சகோதரியின் மக்களுக்குச் சேரும் மருமக்கள்வழிக் குடும்பங்கள் கொல்லம் 1101-இல் வந்த வேளாளர் சட்டத்துக்குப் பின் பாகம் பிரிந்தபோது காகிதங்களும் கிளைக்கொன்றாய்ச் சிதறின. ஒரு கிளையில் உள்ள பாகப்பத்திரத்தை மற்றொரு கிளையில் உள்ள கடிதத்தோடு சேர்த்து வாசித்தால்தான் யார் எதற்காக வழக்குக்குப் போனார் என்பது தெரியவரும்.

எனவே, எங்கள் காப்பகத்துக்குக் கொண்டு வருமுன் தயவுசெய்து ஒழுங்குபடுத்தாதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் பத்திரங்களைத் தனியே, கடிதங்களைத் தனியே, படங்களைத் தனியே அடுக்குகிறார்கள். ஆனால் ஓர் ஒற்றிப் பத்திரத்தோடு ஒரு வைத்தியச் செலவுக் கணக்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தால், அந்த நிலம் ஏன் அடகுக்குப் போயிற்று என்பதை ஊகிக்க அந்தக் கயிறு ஒன்றுதான் சான்று.

லேமினேஷனும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் சிதையாமல் பிரித்தெடுக்க இயலாது. காகிதத்தின் அமிலமும் உள்ளேயே தங்கிவிடும். செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறையை விட்டுப் போகும். துருப்பிடித்த குண்டூசிகளை, காகிதம் கிழியாது என்றால் மட்டும், மெல்லக் கழற்றலாம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. ஈரத்தை அடைத்து வைக்கும் பிளாஸ்டிக் உறையைக் காட்டிலும் துவைத்து உலர்த்திய பருத்தித் துணியே மேல். நனைந்தவற்றை வெயிலில் இடாமல் நிழலில் காற்றாட விரியுங்கள். ஓலைச் சுவடிக்குப் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) பூசுவதைப் பழக்கமுள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தேதியை வீட்டிலேயே கணிக்கலாம்: கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதன்பின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அதைப் பேனாவால் ஆவணத்தின் மேல் எழுதாமல், தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள்.

இன்றும் உரிமைக்குத் தேவைப்படும் மூல ஆதாரத்தை நீங்களே வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஸ்கேன் எடுக்க மட்டும் தந்தால் போதும். மற்றவற்றை நன்கொடையாகத் தருகிறீர்களா, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு மட்டும் ஒப்படைக்கிறீர்களா என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள். கடிதத்தாள் பெற்றவருடையது; அதை அச்சிடும் உரிமையோ எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. குடும்பச் சண்டையோ நோயோ பேசப்படும் கடிதங்களை இத்தனை ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். ஒப்படைப்புக் கடிதத்தில் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு வருவதையே பெரும்பாலும் பார்க்கிறேன். அக்கா தங்கைகளின் கையெழுத்தும் அதில் வேண்டும்.